உணவுச் சத்தில் பிறந்த புற்றுநோய் மருந்து

ஆந்திராவில் பீமவரம் என்ற ஊரில் 1895-ம் ஆண்டு ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவருடைய இளமையில் உடன்பிறந்தார் இருவர் "ஸ்புரூ" என்னும் குடல் நோயால் அடுத்தடுத்து இறந்தனர். அப்போது அதற்குச் சரியான மருந்து இல்லை.

கதர் அணிந்த மாணவர்

சென்னை மருத்துவக் கல்லூரியில் அவர் கதர் அணிந்து படித்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. மாமனார் உதவியால் அமெரிக்கா சென்றார். ஆஸ்பத்திரியில் சிப்பந்தி வேலை பார்த்தபடியே ஆராய்ச்சி செய்தார்.

கீரையில் உள்ள சத்து

1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். கீரையிலும் ஈரலிலும் உள்ள போலிக் அமிலம் என்ற சத்தை அவர் குழுவினர் செயற்கையாகத் தயாரித்தனர். ஸ்புரூ நோய்க்கு மருந்து கிடைத்தது!

உடலில் புதிய செல்கள் உண்டாக இந்தச் சத்து வேண்டும். புற்றுநோய்ச் செல்களும் இதை உண்டே பெருகும். ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இவ்வகைச் சத்தைக் கொடுத்த பாஸ்டன் டாக்டர் சிட்னி பார்பருக்கு, நோய் வேகம் கொண்டதாகத் தோன்றியது. அப்படியானால், சத்தைத் தடுத்தால்?

ஏமாந்த செல்கள்

சுப்பாராவ் குழுவினர் அதே சாயலில் அமினாப்டெரின் என்ற பொருளைச் செய்தனர். சத்து என்று ஏமாந்து அதை ஏற்ற செல்களால் பெருக முடியவில்லை. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் சில காலம் தணிந்தது. 1948 ஜூனில் இச்செய்தி வெளியாயிற்று.

அந்த ஆகஸ்டிலேயே சுப்பாராவ் 53-வது வயதில் காலமானார். தாயகம் திரும்பவே இல்லை. அதே வழியில் வந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. பெருங்குடல் புற்றுநோய் மருந்தின் வலிமையைக் கூட்டவும் போலிக் அமில வகை ஒன்று சேர்த்துத் தரப்படுகிறது.