ககாரினை விண்வெளிக்கு அனுப்பியவரின் பெயரை ரஷ்யா மறைத்தது ஏன்? யார் இந்த செர்கெய் கொரோலெவ்?

1961 ஏப்ரல் 12. யூரி ககாரின் 108 நிமிடங்களில் விண்வெளிக்குப் போய், பூமியைச் சுற்றிவிட்டுத் திரும்பினார். இரண்டே நாளில் மாஸ்கோவில் மாபெரும் வரவேற்பு. ஆனா, அவரைச் சுமந்து சென்ற ராக்கெட்டை உருவாக்கியது யார் என்பது அந்தக் கூட்டத்துக்குத் தெரியாது. சோவியத் பத்திரிகைகள் 'தலைமை வடிவமைப்பாளர்' என்று மட்டுமே எழுதின. பெயரும் இல்லை, போட்டோவும் இல்லை.

அவர்தான் செர்கெய் கொரோலெவ்.

கிளைடரில் தொடங்கிய ஆசை

இன்றைய உக்ரைனில் உள்ள ஜிட்டோமிர் நகரில் 1907 ஜனவரி 12-ல் பிறந்தார். சின்ன வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட, தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தார். பள்ளி நாட்களிலேயே கிளைடர் வடிவமைக்கத் தொடங்கிவிட்டார். மாஸ்கோவில் படித்தபோது அவருக்கு வழிகாட்டியவர், புகழ்பெற்ற விமான வடிவமைப்பாளர் துபலேவ். 1933-ல் கொரோலெவ் தலைமையிலான குழு, திரவ எரிபொருள் பயன்படுத்திய ராக்கெட்டை வெற்றிகரமாகப் பறக்கவிட்டது.

சிறைக்குப் போன விஞ்ஞானி

1938-ல் எல்லாம் தலைகீழானது. ஸ்டாலின் ஆட்சியின் களையெடுப்பில், நாசவேலை செய்ததாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்டு கைதானார். விசாரணையில் கடும் சித்திரவதை. சைபீரியாவின் கோலிமா தங்கச் சுரங்க முகாமுக்கு அனுப்பப்பட்டார். கடுங்குளிர், அரைவயிற்றுச் சாப்பாடு. ஸ்கர்வி நோய் தாக்கி பற்களை இழந்தார்.

பிறகு மாஸ்கோவுக்கு மாற்றப்பட்டு, கைதிகளாக இருந்த பொறியாளர்களை வைத்து விமானம் வடிவமைக்கும் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே அவருக்கு மேலே இருந்த துபலேவும் ஒரு கைதிதான்! 1944-ல்தான் விடுதலை கிடைத்தது.

ஏவுகணை, விண்வெளி ராக்கெட் ஆனது எப்படி?

தன்னைச் சிறையில் போட்ட அதே அரசுக்காக மீண்டும் வேலை பார்த்தார் கொரோலெவ். அரசுக்குத் தேவைப்பட்டது, அமெரிக்கா வரை அணுகுண்டைச் சுமந்து செல்லும் ஏவுகணை. குண்டின் எடை அதிகம் என்பதால், ராக்கெட்டும் மிகுந்த சக்தியோடு இருக்க வேண்டியிருந்தது. அப்படி உருவானதுதான் ஆர்-7.

குண்டைத் தூக்கும் ராக்கெட்டால் செயற்கைக்கோளையும் தூக்க முடியும் என்று அரசை அவர் சம்மதிக்க வைத்தார். 1957 அக்டோபர் 4-ல், 83.6 கிலோ எடையுள்ள ஸ்புட்னிக் விண்ணில் பாய்ந்தது. உலகின் முதல் செயற்கைக்கோள் அது. அடுத்து லைக்கா நாய், ககாரின், முதல் விண்வெளி வீராங்கனை தெரஷ்கோவா, 1965-ல் விண்வெளியில் மிதந்த லியோனோவ் என வரிசையாகச் சாதனைகள்.

பெயர் வெளியே வந்தது எப்போது?

வெளிநாட்டு உளவாளிகளால் ஆபத்து வரலாம் என்பதே பெயரை மறைக்கச் சொல்லப்பட்ட காரணம். மற்றவர்கள் மாலை வாங்க, அவர் திரைக்குப் பின்னாலேயே நின்றார்.

1966 ஜனவரி 14. தனது 59-வது பிறந்தநாள் முடிந்த இரண்டாவது நாளில், அறுவை சிகிச்சையின்போது உயிரிழந்தார். விசாரணையில் அடிபட்ட தாடையால் வாயை முழுதாகத் திறக்க முடியாமல், சுவாசக் குழாய் பொருத்த மருத்துவர்கள் திணறியதாகவும் சொல்லப்படுகிறது. அதன் பிறகுதான் பிராவ்தா பத்திரிகையில் அவரது பெயரும் படமும் வெளியாகின. தங்கள் தலைமை வடிவமைப்பாளர் யார் என்பதை, அவருக்கு அஞ்சலி செலுத்தும்போதுதான் மக்கள் தெரிந்துகொண்டார்கள். அவரது அஸ்தி கிரெம்ளின் சுவரில் வைக்கப்பட்டது.

நிலவுக்கு மனிதனை அனுப்ப அவர் தொடங்கிய என்-1 ராக்கெட், அவர் இல்லாமல் நான்கு முறை ஏவப்பட்டு நான்கு முறையும் தோல்வி. ஆனா, ஆர்-7 குடும்பம் ஓயவில்லை. 1984-ல் இந்தியாவின் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனதும் அந்தக் குடும்பத்து ராக்கெட்டில்தான். இன்று ரஷ்ய வீரர்களைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோகும் சோயுஸ் ராக்கெட்டும் அதே வம்சம்தான்.