பெரிய கோவிலில் நசுங்கிய கருவி!

1808-ம் ஆண்டு. தஞ்சைப் பெரிய கோவிலில் கயிறு கட்டி ஒரு கருவியை மேலே ஏற்றிக்கொண்டு இருந்தார்கள். அதன் எடை அரை டன். திடீரென்று கயிறு அறுந்தது! கருவி ஆடிப் போய்ச் சுவரில் மோதியது.

அதன் பெயர் தியோடலைட். கோணம் அளக்கும் கருவி. அதை வைத்துக்கொண்டு இந்த நாட்டையே அளக்கப் புறப்பட்டவர், வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி.

லாம்டன் ஏழை வீட்டுப் பிள்ளை. இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில் பிறந்தவர். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை எதிர்த்த போரில் இருந்தார். போர் முடிந்ததும் அவருக்கு நில அளவையில் மனம் போயிற்று.

தியோடலைட் இங்கிலாந்தில் இருந்து கப்பலில் வந்தது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து, மொரீஷியசுக்குக் கொண்டு போய்விட்டார்கள். இது ஆராய்ச்சிக் கருவி என்று தெரிந்ததும், அங்கிருந்த பிரெஞ்சு கவர்னர் அதைச் சென்னைக்கே அனுப்பி வைத்தார். எதிரிதான், ஆனாலும் பெருந்தன்மை!

1802 ஏப்ரல் 10-ந்தேதி பரங்கிமலை அருகே வேலை தொடங்கியது. 100 அடிச் சங்கிலியால் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோடு அளந்தார்கள். அதற்கே 57 நாட்கள் ஆயின!

இவ்வளவு நிதானம் எதற்கு? அந்தக் கோடுதான் அஸ்திவாரம். கோட்டின் இரு முனைகளிலும் நின்று தூரத்தில் உள்ள ஒரு குன்றைப் பார்த்துக் கோணம் எடுப்பார்கள். ஒரு முக்கோணம் கிடைக்கும். பிறகு சங்கிலி வேண்டாம். கணக்குப் போட்டே குன்றின் தூரம் தெரிந்துவிடும். அந்த முக்கோணத்தின் மேல் அடுத்த முக்கோணம். இப்படியே ஊர் ஊராகப் போகலாம்.

கொடும்பாளூர், விராலிமலைப் பக்கம் என்றால் ஏறி நிற்கக் குன்று உண்டு. காவிரி பாயும் தஞ்சையில் குன்றுக்கு எங்கே போவது? எங்கும் வயல், பார்வையை மறைக்கத் தென்னை மரங்கள். உயரமாக நின்றவை கோவில்கள்தான். அதனால்தான் பெரிய கோவிலுக்கு வந்தார் லாம்டன்.

மோதியதில் கருவியின் வட்டத் தகடு நெளிந்துவிட்டது. மயிரிழை வளைந்தாலும் கோணம் தவறும். கோணம் தவறினால் அளவு எல்லாம் பாழ்! இன்னொன்று வேண்டுமானால் கப்பல்தான் வர வேண்டும்.

லாம்டன் கலங்கி உட்காரவில்லை. கூடாரத்துக்குள் போனார். தகடு முன்பு இருந்த அளவுக்கே ஒரு பலகையில் வட்டம் வெட்டினார். அதில் தகட்டை வைத்து, ஆப்பும் திருகும் கொண்டு சிறிது சிறிதாக இழுத்தார். வளைந்த கம்பிகளைச் சிறு மரச் சுத்தியால் தட்டி நிமிர்த்தினார். 6 வாரம் இதே வேலை. வட்டம் ஏறக்குறையப் பழைய வடிவத்துக்கு வந்தது. அதே கருவியோடு குமரி முனைப் பக்கம் வரை அளந்தார். பிறகு வடக்கே திரும்பினார்.

1823 ஜனவரியில், நாக்பூர் செல்லும் வழியில், ஹிங்கன்காட் என்ற ஊரில் உயிர் பிரிந்தது. வயது 70-ஐ ஒட்டி இருக்கும். அவர் விட்ட வேலையை அவரது உதவியாளர் தொடர்ந்தார். அந்த உதவியாளரின் பெயர் ஜார்ஜ் எவரெஸ்ட்.