உள்ளதை மறையாத திருக்கச்சி நம்பிகள்

அண்ணனூருக்குத் தெற்கேயுள்ள பூவிருந்தவல்லியில், வைசிய குலத்தில், கி.பி. 1009இல் மாசி மிருகசீர்ஷத்தில் திருவவதரித்தவர் ஸ்ரீ திருக்கச்சி நம்பிகள் என்பர். தகப்பனார் புதல்வர்களுக்குப் பொருளைப் பங்கிட்டளித்துப் பெருக்கி வரப் பணித்தார். தமையன்மார் வாணிபத்தில் பெருக்கினர். இளைய நம்பிகளோ தம் பங்கு முழுவதையும் பகவத் கைங்கர்யத்திலே செலவிட்டார். கணக்குக் கேட்டபோது ஒளித்தாரில்லை. தகப்பனாரின் சினத்தையும் ஏற்றுக்கொண்டார்.

பின்னர் நந்தவனம் அமைத்து, மலர் தொடுத்துக் காஞ்சிப் பேரருளாளனுக்குச் சமர்ப்பித்து, திருவாலவட்டம் வீசி வந்தார். பெருமாள் அவரோடு வார்த்தையாடியருளினார். இப்பேறு பெற்ற வேறொருவராயின் ஆசார்ய பீடத்தில் அமர்ந்திருப்பர்! இளையாழ்வாரான ஸ்ரீ ராமானுஜர் தம்மைச் சீடராக ஏற்க வேண்டியபோது, தம் குலத்தைச் சொல்லி, வர்ண முறைக்கு அது ஒவ்வாது என மறுத்தார் நம்பிகள். ராமானுஜரின் ஐயங்களுக்குப் பேரருளாளன் அருளிய ஆறு வார்த்தைகளை மட்டும் கேட்டு வந்து உரைத்தார். பெரிய நம்பியை ஆசார்யராகப் பற்றுக என்பது அவற்றுள் ஒன்று. அதன்படி மதுராந்தகத்தில் ராமானுஜருக்குப் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்வித்தவர் பெரிய நம்பியே.