கொலாஜன் முடிச்சை அவிழ்த்த கிண்டி பேராசிரியர்!

உங்க இன்ஸ்டா ஃபீடை ரெண்டு நிமிஷம் ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. கொலாஜன் பவுடர், பெப்டைடு சீரம்னு ஏதாவது ஒரு விளம்பரம் கண்டிப்பா கண்ணில் படும். அது உங்களுக்குத் தேவையா, இல்லையாங்கிறதை டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம். ஆனா, கொலாஜன் என்ற அந்தப் புரதம் உள்ளுக்குள் என்ன வடிவத்தில் இருக்கும் என்பதற்குச் சரியான அடித்தளம் போட்ட ஆய்வுக்கூடம் எங்கே இருந்தது தெரியுமா? நம்ம சென்னை கிண்டியில்தான்!

அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஜி.என்.ராமச்சந்திரன். 1922 அக்டோபர் 8-ம் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெயருக்கு முன்னால் இருக்கும் 'ஜி', திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் கோபாலசமுத்திரம் என்ற ஊர். அப்பா கணிதப் பேராசிரியர் என்பதால், வீட்டிலேயே கணக்கு ருசி ஒட்டிக்கொண்டது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார். சேர்ந்தது என்னவோ எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங்!

கண்டுபிடித்தவர் ஒருவர்... நம்பியவர் ஒருவர்!

அங்கேதான் சர் சி.வி.ராமன் கண்ணில் பட்டார். இந்தப் பையன் இருக்க வேண்டிய இடம் இயற்பியல் துறைதான் என்று ராமன் முடிவு பண்ணினார். துறைத்தலைவரிடம் பேசி, தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முதல் வருஷத்திலேயே 'ராங் டிபார்ட்மென்ட்' என்று புலம்புகிற எத்தனை பேரை நமக்குத் தெரியும்? ராமச்சந்திரனுக்கு அதைக் கவனிக்க ஒரு ஆள் இருந்தார். அதுதான் வித்தியாசம்.

அடுத்து கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் பி.ஹெச்டி. 1949-ல் ஊர் திரும்பினார். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறைக்குத் தலைமை தேடியது. ராமன் பரிந்துரைத்த பெயர் ராமச்சந்திரன். அப்போது அவருக்கு 30 வயதைத் தொடும் நேரம். அந்த வயதில் பேராசிரியர், துறைத்தலைவர் என்றால் இன்றைக்குக்கூட புருவம் உயரும். துணைவேந்தர் ஆ.லட்சுமணசாமி முதலியார் வயதைப் பார்க்கவில்லை. நாற்காலியோடு, எக்ஸ்ரே ஆய்வுக்கூடம் அமைக்கும் சுதந்திரத்தையும் கொடுத்தார். இத்தனைக்கும் முதலியார் ஒரு மருத்துவர். இயற்பியல் அவர் துறையே இல்லை.

முப்பிரிக் கயிறு!

இடம் கிடைத்தாச்சு. எதை ஆராய்வது? அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி.பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்ற தகவலைப் போட்டுவிட்டுப் போனார். நம் தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றிலும் இருப்பது கொலாஜன். உடம்பில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான். அதிர்ஷ்டம் பாருங்க, கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. கொலாஜன் சாம்பிளுக்குப் பஞ்சமில்லை. கங்காரு வாலின் தசைநார்கூட எக்ஸ்ரே முன்னால் போய் நின்றது.

ராமச்சந்திரனும் அவரோடு இருந்த இளம் ஆய்வாளர் கோபிநாத் கர்தாவும் அந்த எக்ஸ்ரே படங்களோடு மல்லுக்கட்டினார்கள். விடை, மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட வடிவம். நம்ம ஊர் முப்பிரிக் கயிறுன்னு வெச்சுக்கோங்களேன். கயிற்றின் நடுவில் இடம் ரொம்பக் குறைவு. அங்கே மிகச் சின்ன அமினோ அமிலமான கிளைசின் மட்டுமே நுழைய முடியும். அதனால்தான் கொலாஜனில் மூன்றில் ஒன்று கிளைசினாக இருக்கிறது. 1954-ல் 'நேச்சர்' இதழில் முதல் கட்டுரை, 1955-ல் திருத்திய வடிவம் என இரண்டும் வந்தன.

அப்புறம்தான் அடி விழுந்தது!

டி.என்.ஏ-வின் வடிவத்தைச் சொன்ன ஃபிரான்சிஸ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச்சும் சென்னை மாதிரியில் குறை கண்டுபிடித்தார்கள். சில அணுக்கள் ஒன்றை ஒன்று இடிக்கிற அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றன என்பது அவர்கள் வாதம். உலகமே அண்ணாந்து பார்க்கும் ஆட்கள் உங்க முதல் பெரிய வேலையைத் தப்புன்னு சொன்னா எப்படி இருக்கும்? யோசிச்சுப் பாருங்க.

ராமச்சந்திரன் அதையே கேள்வியாக மாற்றினார். ரெண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? எங்கே இடிக்கும்? அதுவரை வெளிவந்திருந்த படிக ஆய்வு முடிவுகளை எல்லாம் அலசி, எல்லைகளைக் கண்டுபிடிக்கும் வேலை ஆரம்பித்தது. அவரிடம் மாணவர்களாக வந்த சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் இருவரும் கணக்கில் இறங்கினார்கள். இன்றைய கம்ப்யூட்டர் கிடையாது. மேஜைக் கால்குலேட்டரில் ஒவ்வொரு கோணமாகத் தட்டித் தட்டிப் பார்த்த காலம் அது.

விஷயம் சிம்பிள்தான். அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பு விறைப்பானது, திரும்பாது. அதன் இரண்டு பக்கமும் இருக்கும் இரண்டு பிணைப்புகள் மட்டும் சுழலும். கூட்டமான பஸ்ஸில் நீங்க நிக்கிறீங்க. தோளையும் முழங்கையையும் அசைக்கலாம். ஆனா, எல்லாப் பக்கமும் அசைச்சா பக்கத்து ஆள் மேல் இடிக்கும். இடிக்காத நிலைகள் கொஞ்சம்தான். புரதச் சங்கிலிக்கும் அதே கதை. இரண்டு கோணங்களையும் ஒரு கட்டத்தில் வரைந்தால், முக்கால் பங்குக்கு மேல் 'நோ என்ட்ரி'. மிச்சம் இருக்கும் சில தீவுகளில்தான் புரதங்கள் வாழ்கின்றன.

1963-ல் மூன்று பேரின் பெயரோடும் வெளிவந்த அந்த வரைபடம்தான் ராமச்சந்திரன் வரைபடம். உயிர்வேதியியல் படிக்கிறவங்க பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீங்க. உலகின் எந்த மூலையில் புதிய புரத அமைப்பு கண்டுபிடிக்கப்பட்டாலும், அது சரியா என்று இன்றும் அதில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள்.

கொலாஜன் சண்டை என்னாச்சு? 1994-ல் கொலாஜனைப் போன்ற சின்ன பெப்டைடு ஒன்றின் படிகத்தைத் துல்லியமாகப் படம் பிடித்தார்கள். மூன்று இழை முறுக்கு உறுதியானது. ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் கிரிக், ரிச் சொன்னதே சரி என்பதும் தெரிந்தது. ஆக, சென்னைக் குழுவுக்குப் பாதி வெற்றி. ஆனா, அந்த விமர்சனம் மட்டும் வராமல் இருந்திருந்தால், வரைபடத்துக்கான தேடல் அன்றைக்கு ஆரம்பித்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

தன் மாணவர்கள் உலகத்தைப் பார்க்கணும்னு காத்திருக்காமல், உலகத்தையே சென்னைக்குக் கூட்டிவந்தார் ராமச்சந்திரன். 1963-லும் 1967-லும் இங்கே நடந்த சர்வதேசக் கருத்தரங்குகளுக்குப் பெரிய விஞ்ஞானிகள் வந்தார்கள். மேஜைக் கால்குலேட்டர் தட்டிய பிள்ளைகள் அவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்தார்கள்.

1969-ல் முதலியார் துணைவேந்தர் பதவியிலிருந்து விடைபெற்றார். அடுத்த ஆண்டே ராமச்சந்திரனும் சென்னையை விட்டுக் கிளம்பினார். 1971-ல் பெங்களூருவில் அவர் தொடங்கிய மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவில் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் பிற்பாடு பேராசிரியர்கள் ஆனார்கள். அதே ஆண்டு ஏ.வி.லட்சுமிநாராயணனோடு சேர்ந்து அவர் எழுதிய கணித முறை, சி.டி ஸ்கேன் படங்களை உருவாக்கக் கைகொடுத்தது.

1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். நோபல் கடைசிவரை வரவில்லை. பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய் வாட்டியது. 1998-ல் மனைவி ராஜலட்சுமி மறைந்தது பெரிய இடி. 2001 ஏப்ரல் 7-ம் தேதி, 78 வயதில் சென்னையில் அவர் காலமானார்.

நீங்க இப்போ காலேஜிலோ, ஆய்விலோ, முதல் வேலையிலோ இருக்கலாம். ராமச்சந்திரனின் மூளை நமக்கு வாய்க்குமா தெரியாது. ஆனா, அவருக்குக் கிடைத்ததைப் பட்டியல் போடுங்க. திறமையைக் கவனித்த ஒரு ராமன், வயதைப் பார்க்காமல் நாற்காலி கொடுத்த ஒரு முதலியார், நல்ல கேள்வி ஒன்றைக் கொடுத்துப் போன ஒரு பெர்னால். இன்னைக்கு உங்களுக்கு அப்படி யாராவது இருந்தா, விட்டுடாதீங்க. நாளைக்கு உங்க கைக்கு ஒரு நாற்காலி வந்தா, உங்களுக்குக் கீழே கால்குலேட்டர் தட்டிக்கிட்டிருக்கிற பிள்ளையின் பெயரையும் கட்டுரையில் சேர்த்துடுங்க.

அடுத்த முறை கிண்டிப் பக்கம் போகும்போது, அந்தப் பல்கலைக்கழக வளாகத்தை ஒரு நிமிஷம் திரும்பிப் பாருங்க. உங்க ஃபோனில் வர்ற கொலாஜன் விளம்பரத்துக்குப் பின்னால் இருக்கும் நிஜக் கதை அங்கேதான் நடந்தது.