சின்ன சிப்புக்கு மொழி கொடுத்தவர்

லேபில் 8051-க்கு நாம் புரோகிராம் எழுதுகிறோம். எழுதுவது பி.சி.யில், கம்பைல் செய்வதும் பி.சி.யில். கிடைக்கிற ஹெக்ஸ் ஃபைல் மட்டும்தான் சிப்புக்குப் போகிறது. ஒரு மெஷினில் சமைத்து இன்னொரு மெஷினுக்குப் பரிமாறும் இந்த வேலைக்கு கிராஸ் கம்பைலிங் என்று பெயர். மைக்ரோபிராசசருக்கு இந்த வழியைப் போட்டுக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கேரி கில்டால். பில் கேட்ஸைத் தெரிந்த நமக்கு இவரைத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

1942-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். மாலுமிகளுக்குக் கடல்வழிக் கணக்கு சொல்லிக் கொடுக்கும் பள்ளியை அவர் குடும்பம் நடத்தி வந்தது. கணக்கு வாத்தியார் ஆகணும் என்றுதான் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கம்ப்யூட்டர் அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. பிறகு கலிஃபோர்னியாவில், மான்டரே ஊரிலுள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் ஆசிரியரானார்.

1971-ல் இன்டெல் 4004 சிப் வெளிவந்தது. கடல்வழிக் கணக்கைத் தானே போடும் கருவி ஒன்று வேண்டும் என்பது அவருடைய அப்பாவின் ஆசை. இந்தச் சிப்பால் அது முடியுமா என்று பார்த்தார் மகன். ஆனால் வெறும் சிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கீபோர்டு கிடையாது, டிஸ்க் கிடையாது, மெமரியோ கொஞ்சூண்டு! கல்லூரியின் பெரிய கம்ப்யூட்டரில், அந்தச் சிப்பைப் போலவே நடந்துகொள்ளும் சிமுலேட்டர் ஒன்றை எழுதி, அதில் புரோகிராம்களை ஓட்டிப் பார்த்தார்.

அடுத்து 8008 வந்தது. அதற்காக 1973-ல் பி.எல்/எம் என்ற மொழியை உருவாக்கினார். அதன் கம்பைலர் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது. அது ஓடியது பெரிய கம்ப்யூட்டரில், அது தந்த கோடு ஓடியது சின்ன சிப்பில். கம்பைலரைத் தாங்க அந்தச் சிப்புக்கு அப்போது சக்தி இல்லை. அதன் பாரத்தைப் பெரிய மெஷின் சுமந்தது. இதைப் படித்தபோது எனக்கு எங்கப்பா ஞாபகம்தான் வந்தது. மூட்டை தூக்கும் அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

1974-ல் சி.பி/எம் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை கில்டால் எழுதினார். ஃப்ளாப்பி டிரைவுக்கான கன்ட்ரோலரைச் செய்து கொடுத்தவர் நண்பர் ஜான் டொரோடி. கம்பெனிக்குக் கம்பெனி மெஷின் வேறுபட்டபோது, ஹார்டுவேரைத் தொடும் பகுதியை மட்டும் தனியே பிரித்து அதற்கு பயாஸ் என்று பெயர் வைத்தார். புது மெஷின் வந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். நாம் தினமும் சொல்லும் பயாஸ் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான்!

1980-ல் ஐ.பி.எம். தன் பி.சி.க்கு ஆபரேட்டிங் சிஸ்டம் தேடியது. கில்டாலின் கம்பெனியோடு பேச்சு முடிவாகவில்லை. வாய்ப்பு மைக்ரோசாஃப்டுக்குப் போனது. பிறகு சி.பி/எம்-86-ம் விற்பனைக்கு வந்தது. ஆனால் அதன் விலை 240 டாலர், டாஸ் விலை 40 டாலர். ஜனங்கள் எதை வாங்கியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1991-ல் தன் கம்பெனியை நோவெல் நிறுவனத்துக்கு விற்றார். 1994-ல், 52 வயதில் காலமானார்.

வாய்ப்பைத் தவறவிட்ட மனிதர் என்றே பலர் இவரைச் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. விற்பனையில் தோற்றார், வேலையில் தோற்கவில்லை. கையடக்கக் கருவிக்கு லினக்ஸ் தயார் செய்பவர்கள் இன்றும் பி.சி.யில்தான் கெர்னலைக் கம்பைல் செய்கிறார்கள். சின்னச் சின்ன கமாண்டுகளுக்கு பிஸிபாக்ஸ் என்ற ஒரே புரோகிராம் போதும்.

புராஜெக்டுக்கு போர்டு வாங்கக் காசில்லை என்று நம்மில் பலர் தயங்குகிறோம். ஏ.ஆர்.எம். கிராஸ் கம்பைலரும், க்யூஎமு என்ற எமுலேட்டரும் இலவசமாகவே கிடைக்கின்றன. லேப் பி.சி.யிலேயே குட்டி லினக்ஸைக் கட்டி, அதிலேயே ஓட்டிப் பார்க்கலாம். போர்டு வரும்போது வரட்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம், நண்பர்களே!