பசியின் மொழி அறிந்தவர்

வளரிளம் பருவத்துப் பெண்ணொருத்தி உணவை அறவே மறுத்து எலும்பும் தோலுமாக மெலிவதும், மற்றொரு சிறுவன் அளவின்றி உண்டு உடல் பருப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தோன்றலாம். ஆனால், இரண்டுக்கும் வேர் மனதில் இருக்கக்கூடும் என்பதை மருத்துவ உலகுக்கு உணர்த்தியவர்களில் முதன்மையானவர் ஹில்டே புரூக்.

ஜெர்மனியின் டுல்கன் என்ற சிற்றூரில் 1904-இல் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், கணிதம் பயிலவே விரும்பினார். மருத்துவமே பிழைப்புக்கு உகந்தது என்ற உறவினரின் அறிவுரையை ஏற்று, ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் 1929-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1933-இல் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றியதும் லண்டனுக்கும், அடுத்த ஆண்டே நியூயார்க்குக்கும் குடிபெயர்ந்தார். அவரது உறவினர் பலர் நாஜிகளின் இனப்படுகொலைக்கு இரையாயினர்.

நியூயார்க்கில் குழந்தைகள்நல மருத்துவராக, 1937-இல் பருமனான குழந்தைகள் குறித்த ஆய்வைத் தொடங்கினார். சுரப்பிக் கோளாறே பருமனுக்குக் காரணம் என்பது அன்றைய நம்பிக்கை. அக்குழந்தைகளில் பெரும்பாலோர் உயரமாகவும் இயல்பாகவும் வளர்வதை அவர் சுட்டிக்காட்டினார். குறை சுரப்பியில் இல்லையெனில் எங்கே? அந்தத் தேடல், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மனநல மருத்துவம் பயில அவரைத் தூண்டியது.

1964-இல் ஹூஸ்டன் நகரின் பேலர் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானார். தன் உடலின் உண்மைத் தோற்றத்தை உணர இயலாமை, பசியை அடையாளம் காண இயலாமை, தன்னால் எதுவும் ஆகாது என்ற ஆழ்ந்த எண்ணம் ஆகிய மூன்றையுமே உணவு மறுப்பு நோயின் கூறுகளாக அவர் வகுத்தார். எடையை மட்டும் கூட்டுவது சிகிச்சையாகாது. நோயாளி தன் உணர்வைத் தானே கண்டறிய மருத்துவர் செவிசாய்க்க வேண்டும் என்பது அவரது அணுகுமுறை. அதேவேளை, பட்டினியால் சீர்குலைந்த உடல் தேறாமல் மனதைச் சீராக்க இயலாது என்பதையும் வலியுறுத்தினார். 1978-இல் வெளிவந்த 'தங்கக் கூண்டு' என்ற அவரது நூல் இந்நோயைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தியது.

தாயின் வளர்ப்புமுறைக்கு அவர் அளித்த அழுத்தம் பின்னாளில் விமர்சனத்துக்குள்ளானது. மரபணுக்களின் பங்கு இன்று ஏற்கப்பட்டுள்ளது. பெற்றோரைக் குற்றவாளிகளாக அல்லாமல், சிகிச்சையின் துணைவர்களாகக் கருதும் முறையே வளரிளம் பருவத்தினருக்கு இப்போது பரிந்துரைக்கப்படுகிறது.

புரூக் 1984-இல் மறைந்தார். ஆயினும், ஒல்லி என்றும் குண்டு என்றும் பிள்ளைகளை நாம் எள்ளி நகையாடும் ஒவ்வொரு முறையும் அவரது வாழ்க்கை நம்மை எச்சரிக்கிறது. தட்டில் மீந்த சோற்றைப் பார்க்கும் நாம், அதன் எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளையின் மௌனத்தையும் கவனிக்க வேண்டும்.