சிதம்பரத்திற்குக் கல்லூரி கொணர்ந்த வள்ளல்

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நம்மிடம் வீட்டிலும் உறவிலும் இப்போது கேட்கப்படும் கேள்வி, மேலே என்ன படிக்கப் போகிறாய் என்பதே. நம் கடலூர்ப் பகுதிப் பிள்ளைகள் அதற்குப் பலவாறாக விடை கூற வழி செய்தவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் ஆவார்.

இவர் 1881ஆம் ஆண்டு செப்டம்பர் திங்கள் 30ஆம் நாள் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பிறந்தார். குலத்தொழிலான வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டினார். அக்காலத்தில் பட்டம் பெற விரும்பிய நம் பகுதியினர் பலர் சென்னைக்கோ கும்பகோணத்திற்கோ செல்ல வேண்டியிருந்தது. ஆண் பிள்ளைகளுக்கே அரிதென்றால் பெண்களை யார் அனுப்புவார்கள்? செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். சென்னையில் தொடங்கியிருந்தால் புகழ் எளிதாகக் கிடைத்திருக்கும். வயல் சூழ்ந்த கோயில் நகரை அவர் தேர்ந்தெடுத்ததே அவரது பெருமை என்று நாங்கள் கருதுகிறோம்.

அவர் ஒரே வகைப் படிப்போடு நின்றுவிடவில்லை. தமிழுக்கெனக் கல்லூரி கண்டார், அதற்கு உ.வே.சாமிநாதையர் முதல்வராக இருந்தார். இசைக்கும் கல்லூரி கண்டார். பாட்டுப் படித்தால் சோறு கிடைக்குமா என்று இன்றும் கேட்கிறார்கள் அல்லவா? அவரோ இசையையும் பட்டப்படிப்புகளுக்குச் சமமாக அமர்த்தினார். இருபது இலட்சம் ரூபாய் நன்கொடை அளித்து, 1929இல் இவற்றையெல்லாம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக்கினார். மேடைகளில் தமிழ்ப் பாடல்கள் ஒலிக்கவும் பாடுபட்டார். 1945இல் பொறியியலும் அங்கு வந்தது. 1948ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 15ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

அதன்பின் வேளாண்மை வந்தது. 1979இல் தொலைதூரக் கல்வியும், 1985இல் மருத்துவமும் வந்தன. 2013இல் பல்கலைக்கழகத்தை அரசே ஏற்றது. அந்த மருத்துவக் கல்லூரி இன்று அரசுக் கல்லூரியாகும்.

இத்தனை வாயில்கள் இருந்தும், தோழி எடுக்கிறாள் என்பதற்காகவே பதினொன்றாம் வகுப்பில் பிரிவைத் தேர்ந்தெடுப்போர் நம்மில் உண்டு. கணிதம் எடுக்காதவர் பின்னர் பொறியியல் கேட்பது கடினம். உயிரியல் இன்றி மருத்துவம் இல்லை. தமிழ், வரலாறு போன்றவற்றுக்கு எப்பிரிவினரும் செல்லலாம். பெற்றோரும் இதனை இப்போதே ஆசிரியைகளிடம் கேட்டறிந்தால் நலம்.

திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சிதம்பரம். விண்ணப்பிக்கும் முன், அங்கே படிக்கும் அக்காமார் யாரேனும் உடன் வந்தால் வளாகத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்து வரலாம்.